குளிர் ஆகாத இரத்தம்

எடுத்த இரத்தம் குழாய்க்குள்ளேயே மணல்மணலாகத் திரண்டுவிட்டது என்று சொல்லி, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலிருந்து பதுர்தீனை மறுபடியும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அங்கே வேலை செய்யும் சாருமதி. உடப்பைச் சேர்ந்த பெண், முப்பது வயதிருக்கும். இந்தத் தடவை அவள் ஒரு சுடுநீர்ப் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஊசியைக் கையில் எடுத்தாள். இரத்தம் குழாயில் இறங்கியதும் அதை அந்த வெதுவெதுப்பான தண்ணீருக்குள் வைத்து மூடி, குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

"என்ன ரம்ஸியா, மீனுக்கு ஐஸ் போடுற மாதிரி எனக்குச் சுடுதண்ணி போடுறாங்க" என்று பதுர்தீன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கும்போது கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. ரம்ஸியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பதுர்தீன் முப்பது வருடமாக மாம்புரிக் கரையில் மீன் எடுத்து மதுரங்குளிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். விடிந்ததும் தோணிகள் கரைக்கு வரும். அவர் வெள்ளை நுரைப்பலகையால் செய்த றெஜிபோம் பெட்டிகளில் ஐஸை உடைத்துப் பரப்பி, மீனை அடுக்கி, மேலும் ஐஸ் போட்டு மூடுவார். கையுறை போடச் சொன்னால், மீனைத் தொட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று கேட்பார். அந்தக் கை விரல்கள் வாடைக்காற்று வீசும் மார்கழி மாதத்தில் நாவற்பழம்போல் நீலமாகத் தொடங்கின. பிறகு காது மடல்கள். பிறகு மூக்கு நுனி. சந்தையில் நின்றவர்கள் கேலி செய்தார்கள். வீட்டில் ரம்ஸியா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். ஒரு நாள் காலையில் சிறுநீர் பால் ஊற்றாத பிளேன்டி நிறத்தில் கறுத்துப் போனதை அவர் மறைத்துவிட்டார். அடுத்த கிழமை விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுக்கும்போது கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார். காமாலை என்று நினைத்து மூன்று கிழமை நாட்டுமருந்து குடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதைப் பதுர்தீன் பாதி விளங்கிக்கொண்டார். ரம்ஸியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால் டொக்டர் சாருமதியையே கூப்பிட்டு விளங்கப்படுத்தச் சொன்னார்.

"அக்கா, இரத்தத்துக்குள்ள காவலுக்கெண்டு ஒரு கூட்டம் புரதம் சுத்திக்கொண்டிருக்கும்" என்றாள் சாருமதி. "கொம்ப்ளிமென்ட் எண்டு சொல்லுவம். கிருமி வந்தா அதின்ர தோல்ல போய் ஒட்டி, ஓட்டை போட்டுக் கொல்லுறதுதான் அதுகளின்ர வேலை. இவருக்கு என்னெண்டா, கை கால் குளிர்ந்தவுடன வேறொரு எதிர்ப்பொருள் வந்து இவருடைய சொந்தச் சிவப்பணுவையே பிடிச்சுக்கொள்ளுது. பிடிச்சு, காவற்காரரைக் கூப்பிடுது."

"அப்ப சூடாக்கினா விட்டிரும்தானே, மிஸ்?" என்று ரம்ஸியா கேட்டாள்.

"பிடிச்சது விட்டிரும். இரத்தம் நெஞ்சுப் பக்கம் திரும்பிச் சூடானதும் அது கையை எடுத்திடும். ஆனா கொம்ப்ளிமென்ட் ஒட்டினது ஒட்டினதுதான், கழலாது. ஈரலுக்குப் போனதும், இதில அடையாளம் இருக்கு, இது கூடாததுதான் எண்டு ஈரல் அந்த அணுவைத் தின்றுபோடும். சிலது வழியிலேயே ஓட்டை விழுந்து உடைஞ்சிடும். அந்த உடைஞ்ச சிவப்புத்தான் சிறுநீரில போறது."

பதுர்தீன் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல மீன எவனோ பழசெண்டு சொல்லப் போய், சந்தையே அத வாங்காம எறியிற மாதிரி."

"அப்படித்தான்" என்றாள் சாருமதி. "உங்கட அணுவில ஒரு குற்றமும் இல்ல. நீங்களும் ஒண்டும் செய்யேல்ல. சில பேருக்கு வருது, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து பதுர்தீனுக்கு ஐஸ் வேலை நின்றது. சந்தைத் தொழிலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். கொழும்புக்கு நாலு தடவை போய் ஊசி போட்டுக்கொண்டார். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் டொக்டர் சிவப்பு மையால் சிங்களத்திலும், சாருமதி அதன் கீழே தமிழிலும் எழுதிக் கொடுத்தார்கள்: குளிர் படக்கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே வரவும். இரத்தம் ஏற்றினால் சூடாக்கி ஏற்றவும்.

குளிரே இல்லாத ஊரில் குளிருக்குப் பயந்து வாழ்வது சின்ன வேலை இல்லை. எல்லோரும் வியர்த்துக் கொட்டும் பங்குனியில் பதுர்தீன் பாதத்தை மூடி மேஸ் போட்டுக்கொண்டு முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருப்பார். குளிர்ந்த தண்ணீரில் குளிக்க முடியாது, கடலில் இறங்க முடியாது. கலியாண வீட்டுக்குப் போனால் மின்விசிறிக்குத் தூரமாக ஒரு கதிரை தேட வேண்டும். வுழுவுக்கு ரம்ஸியா ஐந்து வேளையும் வெந்நீர் வைத்தாள். சில நாள் அவளுக்கு அலுப்பும் வந்தது. ஒரு தடவை, "கலியாணம் முடிச்சதே ஒங்களுக்குத் தண்ணி சுட வெக்கத்தான்" என்று சொல்லிவிட்டாள். அவர் கேத்தலை வாங்கிக்கொண்டு போனார்.

இவ்வளவையும் அவர்கள் தங்கள் ஒரே மகள் ஷிம்லாவிடம் சொல்லவில்லை. ஷிம்லா வெலிமடையில் இருந்தாள். அவளுடைய மாப்பிள்ளை இன்ஷாப் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தான். கலியாணமாகி மூன்று வருடத்தில் இரண்டு தடவை கரு கலைந்து, மூன்றாவது தங்கியிருந்த நேரம் அது. இந்தச் செய்தி அவளைக் குழப்பும் என்று இருவரும் ஒரே மனதாக முடிவெடுத்திருந்தார்கள். போனில் கேட்டால், "வாப்பாக்குக் கொஞ்சம் இரத்தம் கொறவாம், மருந்துக் குளிச குடிக்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள் ரம்ஸியா.

கார்த்திகை கடைசியில், எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. ஒன்றேகால் கிலோ. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இன்ஷாப் காதில் பாங்கு சொன்னான் என்றும், பிள்ளைக்கு மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றும் ஷிம்லா அழுதழுது சொன்னாள்.

"வாப்பாவ ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்களே உம்மா. புள்ள நிக்குமோ தெரியா. வாப்பா ஒருக்காச் சரி பாக்கட்டும்."

போன் சத்தமாக வைக்கப்பட்டிருந்தது. பதுர்தீன் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகவேண்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் இருந்தது. ரம்ஸியாவின் மனதில் அப்போது கொப்பி இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே தன் பிள்ளை தனியாக நிற்பது மட்டுமே இருந்தது.

"போவோம்" என்றாள் அவள். "ஒரு நாள்தானே. நல்லாப் போத்திக்கொண்டு போயிட்டு, அடுத்த நாளே வந்திருவோம்."

பதுர்தீன் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

வேன் பிடித்துப் போனார்கள். இரண்டு ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, கையுறை, போர்வை, வெந்நீர்ப் போத்தல் மூன்று. குருநாகல் தாண்டும்வரை அவர் வியர்த்துப் போய்ச் சிரித்தார். நுவரெலியா ஏற்றத்தில் கண்ணாடியெல்லாம் மூடியிருந்தும் மூக்கு நுனி நீலமானது. ரம்ஸியா தன் இரு கைகளாலும் அவர் காதுகளைப் பொத்திக்கொண்டு வந்தாள். வேன்காரன் கண்ணாடியில் பார்த்ததை அவள் பொருட்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளின் அறைக்குள் தகப்பனோ பாட்டனோ ஒருவர்தான் ஐந்து நிமிடம் போகலாம் என்றார்கள். வாசலிலே கைகழுவும் தொட்டி. முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பதுர்தீன் கையுறையைக் கழற்றி ரம்ஸியாவிடம் கொடுத்தார். ஸ்வெட்டரைச் சுருட்டிவிட்டு நீரைத் திறந்தார். மலைத் தண்ணீர். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற ரம்ஸியாவின் பையில் வெந்நீர்ப் போத்தல் இருந்தது. அது அவளுக்கு ஞாபகம் வந்தபோது அவர் கழுவி முடித்துவிட்டார்.

கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். பெட்டியின் பக்கத்தில் கை விடும் வட்டத் துளை இருந்தது. நேர்ஸ் அதைத் திறந்துவிட்டு, தொடலாம் என்று சைகை காட்டினாள். பதுர்தீன் கையைத் தூக்கினார். விரல்கள் நகம் வரைக்கும் நீலம். துளைக்கு அருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். பிறகு கையைப் பின்னால் எடுத்துக்கொண்டு, குனிந்து, கண்ணால் மட்டும் பார்த்தார். உதடு அசைந்தது. ஓதியிருப்பார்.

வெளியே வந்ததும் ஷிம்லா கேட்டாள். "ஏன் வாப்பா புள்ளயத் தொடல்ல?"

"கை ஐஸ் மகள். அந்தச் சின்ன உடம்புக்கு ஆகா. நாளைக்குக் கைய நல்லாச் சூடாக்கிட்டு வந்து தொடுறன்."

அந்த நாளை வரவில்லை. அன்று பின்னேரமே மழை பிடித்தது. காலையில் நுவரெலியா பாதையிலும் ஹப்புத்தளைப் பக்கத்திலும் மண் சரிந்து இரண்டு பக்கமும் அடைபட்டுப் போனது. ஆஸ்பத்திரிக்கும் இன்ஷாப்பின் வீட்டுக்கும் இடையிலுள்ள பாதை மட்டும் திறந்திருந்தது. பதுர்தீனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும், அடுப்பங்கரையிலேயே படுக்க வைத்தும் நடுக்கம் நிற்கவில்லை. இரண்டாம் நாள் பகல், அவர் சிறுநீர் கழித்துவிட்டு வந்து, "ரம்ஸியா, பழைய நெறம் வந்திட்டுது" என்று மெதுவாகச் சொன்னார்.

ஷிம்லாவுக்கு அப்போதுதான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வந்தது.

குழந்தை இருந்த அதே ஆஸ்பத்திரியில்தான் அவரையும் படுக்க வைத்தார்கள். ரம்ஸியா கொப்பியை மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். அங்கிருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு ஓடியோடி வேலை செய்தார்கள். வார்டில் ஹீட்டர் வைத்தார்கள், சேலைனைச் சூடாக்கினார்கள். இரத்தம் பொருத்திப் பார்ப்பதுதான் கடினமாக இருந்தது. எந்தப் போத்தலோடு வைத்துப் பார்த்தாலும் அவர் இரத்தம் திரண்டது. குளிர் தொடக்கிவைத்ததைக் காய்ச்சல் இன்னும் கூட்டிவிட்டது என்றார் ஓர் இளம் டொக்டர். காய்ச்சலில் அந்தக் காவற் புரதங்களை உடம்பு இன்னும் அதிகமாகச் செய்யுமாம். பின்னேரம் ஒரு பை கிடைத்தது. சூடாக்கிச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.

"புள்ளக்கி எப்பிடி?" என்று பதுர்தீன் கேட்டார்.

"மூச்சு நல்லாம். இன்டைக்கி நாலு மில்லி பால் குடிச்சதாம்."

"நாலு மில்லி" என்று அவர் அதை ருசித்துப் பார்ப்பதுபோல் சொன்னார். "ஷிம்லாவ ஏசாத. அவளுக்குத் தெரியாதுதானே."

"நான் ஏன் ஏசப் போறன்?"

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் முழுக்க மஞ்சள். பொழுது சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் மார்பு வேகமாக ஏறி இறங்கியது. திரையை இழுத்து அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். மறுபடி கூப்பிட்டபோது ஹீட்டரின் சிவப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவர் மௌத்தாகிவிட்டார்.

மாம்புரியிலிருந்து தம்பி போனில் கதறினார். நாநாவை ஊருக்குக் கொண்டுவந்துவிடுங்கள், வாப்பா உம்மா கிடக்கும் மையவாடியில்தான் அடக்க வேண்டும் என்றார். பாதை திறக்க இரண்டு நாளாகும் என்று தகவல் வந்தது. இன்ஷாப் விசாரித்துவிட்டு வந்து, மாமியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமி, இங்க சவச்சாலையில குளிர்ப் பெட்டி இரிக்கி. பாத தெறக்கும்வர வெக்கலாமாம்."

அதுவரை சத்தம் போட்டு அழாத ரம்ஸியா அப்போதுதான் கத்தினாள்.

"வேணாம்! அவர ஐஸ்ல வெக்க வேணாம் மகன். நான் விடமாட்டன்."

வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஷாப் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "இங்கத்தப் பள்ளிவாசல்ல எடம் தருவாங்களா?"

தந்தார்கள். மறுநாள் காலையிலேயே குளிப்பாட்ட ஏற்பாடு நடந்தது. இன்ஷாப்பின் வீட்டுப் பின்புறத்தில் ஓலைமறைப்புக் கட்டி, நாலு பெரியவர்கள் நின்றார்கள். குழாய்த் தண்ணீர் வாளிகளில் நிரம்பியிருந்தது. ரம்ஸியா குசினிக்குள் போய் இரண்டு அடுப்பிலும் பானை ஏற்றினாள். பெண்கள் வந்து அவளைத் தடுத்தார்கள், கணவனை இழந்து இத்தாவில் ஒதுங்கி இருக்க வேண்டியவள், உட்காருங்கள் என்றார்கள். அவள் கேட்கவில்லை. பள்ளிவாசல் பெரியவர் செய்னுலாப்தீன் ஹாஜியார் வாசலில் நின்று விஷயத்தைக் கேட்டறிந்தார்.

"வெந்தண்ணி வாக்கலாம் தங்கச்சி, ஒரு பிழையுமில்ல" என்றார். "நீங்க காய்ச்சுங்க. நாங்க வாக்குறோம்."

எட்டுப் பானை காய்ச்சினாள். ஒவ்வொன்றிலும் முழங்கையை விட்டுப் பதம் பார்த்து அனுப்பினாள். மறைப்புக்குள்ளிருந்து ஆவி எழுந்து மழைத் தூறலோடு கலந்தது.

கபுறுக் குழியைப் பெண்கள் பார்க்கப் போகவில்லை. இன்ஷாப் சப்பாத்து முழுக்கச் சிவப்புச் சேற்றோடு திரும்பி வந்தான். ரம்ஸியா அந்தச் சேற்றைப் பார்த்தாள். மாம்புரி மையவாடி வெள்ளை மணல். நடுப்பகலில் வெறுங்காலோடு மிதிக்க முடியாது. அந்த வெயிலில் வளர்ந்த மனிதரை இந்த ஈரக் களிமண்ணுக்குள் விட்டுவிட்டேனே என்று நினைத்தவுடன் அவளுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கம் மூன்று நாள் நிற்கவில்லை.

இத்தாவை அங்கேயே இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும். அந்த வீட்டுச் சுவருக்கு வெளியே அவள் கால் வைக்கவில்லை. குழந்தை ஒன்றரை மாதத்தில் வீட்டுக்கு வந்தது. ஹாசிம் என்று பெயர் வைத்தார்கள். குழந்தையை நெஞ்சோடு தோலோடு தோலாக வைத்துச் சூடு கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஷிம்லாவும் ரம்ஸியாவும் முறைவைத்துக் கொடுத்தார்கள். அவன் தேறினான். கன்னத்தில் சதை வைத்தது.

தாயும் மகளும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு குறைந்தது. ஒரு நாள் துணி மடிக்கும்போது ஷிம்லா உடைந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லல்ல உம்மா? நோய் இதெண்டு தெரிஞ்சிருந்தா நான் கூப்பிட்டிருப்பனா? நானேதான் கூப்பிட்டுக் கொன்டு போட்டன்."

"அப்பிடிச் சொல்லாத."

"வேற எப்பிடிச் சொல்லுற?"

போவோம் என்று முதலில் சொன்னது தான் என்பதை ரம்ஸியா அப்போதும் சொல்லவில்லை. மடித்த துணியை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள்.

இத்தா முடிந்து சித்திரையில் ஊருக்கு வந்தாள். மாம்புரியில் வெயில் கொளுத்தியது. காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வீடு திறந்ததும் அலுமாரியில் அடுக்கியிருந்த மேஸ்களைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்க எடுத்தாள். கொடுக்கவில்லை. மறுபடி வைத்தாள்.

அடுத்த கிழமை கிளினிக் நாளன்று கொப்பியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எதற்கென்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆய்வுகூட யன்னலில் நின்றதும் சாருமதி அடையாளம் கண்டு எழுந்து வந்தாள். வெள்ளை உடுப்பைப் பார்த்தவுடனேயே அவளுக்கு விளங்கிவிட்டது. வராந்தா வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். ரம்ஸியா முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். கைகழுவியதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

"மிஸ், ஒண்டு கேக்கிறன். எனக்காக எண்டு பொய் சொல்ல வேணாம். நான் போகாம வெச்சிருந்தா அவர் இருந்திருப்பாரா?"

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று சாருமதி கையைக் காட்டினாள்.

"இருந்திருப்பார் அக்கா" என்றாள். "ஊசிக்குப் பிறகு அவருடைய இரத்தம் கூடிக்கொண்டுதான் வந்தது. கடைசியா நான்தானே பாத்தது. எவ்வளவு காலமெண்டு சொல்லத் தெரியாது. இங்கயே ஒரு காய்ச்சல் வந்திருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம். ஆனா நீங்க கேட்டதுக்குப் பதில், இருந்திருப்பார்."

ரம்ஸியா தலையை ஆட்டினாள். அழுகை வந்தது. சாருமதி அவளுடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"போவோம் எண்டு சொன்னது நான்தான் மிஸ். அவர் கேக்கவே இல்ல. மகள் தன்னில பழியப் போட்டுக்கொண்டு இரிக்கிறா. நான் பாத்துக்கொண்டே வந்திட்டன்."

"அவவுக்குச் சொல்லேல்லையா?"

"இல்ல."

சாருமதி உள்ளே போன பிறகும் ரம்ஸியா வாங்கிலேயே இருந்தாள். நோயாளிகள் துண்டுகளோடு வந்து போனார்கள். பகல் பன்னிரண்டு தாண்டியபோது போனை எடுத்து ஷிம்லாவின் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் ஹாசிமின் சிணுங்கல் கேட்டது.

"உம்மா? சாப்பிட்டிங்களா?"

"மகள், கொஞ்சம் கேளு. நீ கூப்பிட்டதால வாப்பா வரல்ல. நீ போன வெச்ச பொறகு அவர் ஒண்டுமே சொல்லாம இருந்தார். போவோமெண்டு சொன்னது நான். கொப்பியில எழுதி இரிக்கிறத வாசிச்சும் நான்தான் சொன்னது."

வெலிமடையில் கதவொன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஷிம்லா அழுதாள். அது எந்த அழுகை என்று ரம்ஸியாவுக்குப் பிரித்தறிய முடியவில்லை. கோபமும் இருந்தது, ஏதோ பாரம் இறங்கியதும் இருந்தது.

"இத ஏன் உம்மா இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லல்ல?"

"பயம் மகள். எனக்கு நீ மட்டும்தானே மிச்சம். நீயும் என்ன விட்டிருவியோ எண்டு பயம்."

ஷிம்லா போனை வைக்கவில்லை. குழந்தையின் சிணுங்கல் அழுகையாக மாறியது. அவள் அவனைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. ரம்ஸியா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மகள் எதையாவது சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.